முகத்தைக் கடைசியில் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: ரோமானியப் பேரரசின் வெள்ளிக்காசுகள்

இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் ரோமானிய வெள்ளிக்காசுகளைப் பற்றியவை. அதனால் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம். இந்தக் காசுகளில் இருப்பவை லத்தீன் எழுத்துகள். ஆங்கிலப் பெரிய எழுத்து தெரிந்தவர்கள் அப்படியே படித்துவிடலாம். இங்கே அவற்றை எழுத்தின் பெயராலேயே தந்திருக்கிறோம். ஏ.வி.ஜி. என்று எழுதியிருந்தால் காசில் அந்த மூன்று எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும். புள்ளிகளைக் காசில் தேட வேண்டாம்.

தாத்தாவின் பெட்டியில் சிறிய வெள்ளிக்காசு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ஆண் தலை, மறுபக்கம் நிற்கும் உருவம். ரோம் காசு என்கிறார்கள். எந்த அரசர் என்று கண்டுபிடிக்க எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், ஈரோடு

பலரும் முகத்தில் தொடங்குகிறார்கள். படங்களோடு ஒப்பிட்டு, "இவர் நீரோ மாதிரி இருக்கிறார்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தேய்ந்த காசில் எல்லா முகமும் நீரோ மாதிரிதான் இருக்கும். எடை, தலையணி, எழுத்து என்ற வரிசையில் போங்கள். முகம் கடைசி.

நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு போதும். விட்டம் அளக்க பிளாஸ்டிக் காலிப்பர் வாங்குங்கள்; இரும்புக் காலிப்பர் விளிம்பில் கீறல் போடும். பேரரசின் வழக்கமான வெள்ளிக்காசு டெனாரியஸ். விட்டம் 17 முதல் 19 மில்லிமீட்டர் வரை, அதாவது நம் பழைய 25 பைசா அளவு. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமானிய ராத்தலுக்கு 84 காசு அடித்தார்கள். ஒன்று ஏறக்குறைய 3.9 கிராம். நீரோ கி.பி. 64-இல் அதே ராத்தலுக்கு 96 காசு என்று மாற்றினார், ஒன்று 3.4 கிராமுக்கு இறங்கியது. புழங்கித் தேய்ந்ததில் இன்னும் குறையும். ஆகவே உங்கள் காசு 3.7 இருந்தால் பெரும்பாலும் 64-க்கு முந்தையது. 3.1 இருந்தால் பிந்தையதாகவோ நன்றாகத் தேய்ந்த முந்தையதாகவோ இருக்கலாம். எடை தனியாகத் தீர்ப்புச் சொல்லாது, வழியைக் காட்டும்.

அடுத்தது தலை. இலை மாலையும் பின்கழுத்தில் தொங்கும் நாடாவும் இருந்தால் டெனாரியஸ். கூரான கதிர்கள் கொண்ட மகுடம் என்றால் அன்டோனினியானஸ். அது 215-இல்தான் தொடங்குகிறது. பெண்ணாக இருந்து, மார்புக்குக் கீழே பிறை இருந்தால் அதுவும் அன்டோனினியானஸே. முத்து கோத்த பட்டம் என்றால் 4-ஆம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டீர்கள். அப்போது எழுத்து டி.என். (DN) என்று தொடங்கும், பின்புறம் அடியில் காசுச்சாலையின் பெயர்ச்சுருக்கம் இருக்கும்.

தாடியும் உதவும். ஹேட்ரியன் 117-இல் பட்டம் ஏறும் வரை பேரரசர்கள் காசில் பெரும்பாலும் மழித்த முகத்தோடுதான் வருவார்கள். அவருக்குப் பின் நூறு ஆண்டுக்கு மேல் தாடியே வழக்கம். விதிவிலக்கு பெரும்பாலும் சிறுவர்கள்தாம்.

எழுத்தைக் காசின் இடது கீழ்ப்பக்கத்திலிருந்து, கடிகார முள் 7-இல் நிற்குமே அந்த இடத்திலிருந்து, வலஞ்சுழியாகப் படியுங்கள். முதல் நூற்றாண்டுக் காசு சிலவற்றில் இது எதிர்த்திசையில் ஓடும். கூரை விளக்கு உதவாது. அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு மேஜை விளக்கைக் காசின் மட்டத்துக்குத் தாழ்த்தி, காசை மெல்லத் திருப்புங்கள். நேர் வெளிச்சத்தில் காணாத எழுத்து பக்க வெளிச்சத்தில் நிழலோடு எழும்பி நிற்கும்.

எழுத்து கிரேக்கமாக இருந்தால் அது ரோம் ஆண்ட கிழக்கு மாகாணங்களின் காசு. அதற்குத் தனிப் பட்டியல்கள் உண்டு. இங்கே சொல்லும் கணக்கு அதற்குப் பொருந்தாது.

என் காசின் முன்புறம் ஐ.எம்.பி. – சி.ஏ.இ.எஸ். – டி.ஓ.எம்.ஐ.டி. – ஏ.வி.ஜி. – ஜி.இ.ஆர்.எம். – பி.எம். – டி.ஆர்.பி. – எக்ஸ்.ஐ. என்று இருக்கிறது. பின்புறம் ஐ.எம்.பி. – எக்ஸ்.எக்ஸ்.ஐ. – சி.ஓ.எஸ். – எக்ஸ்.வி.ஐ. – சி.இ.என்.எஸ். – பி.பி.பி. ஈட்டி பிடித்த, தலைக்கவசம் போட்ட பெண் உருவம். இதில் பெயர் எது, பட்டம் எது?
– வாசகி, திருச்சி

ஒரெழுத்து விடாமல் குறித்து அனுப்பியதற்கு நன்றி. உங்கள் காசை ஒன்பது மாத இடைவெளிக்குள் அடக்கிவிடலாம்.

இதில் பெயர் டி.ஓ.எம்.ஐ.டி. (DOMIT) மட்டும்தான்: டொமிஷியன். முதலில் உள்ள ஐ.எம்.பி. இம்பராத்தோர் (படைத்தலைவர்) என்ற பட்டம், சி.ஏ.இ.எஸ். சீசர், ஏ.வி.ஜி. அவுகுஸ்துஸ் என்ற பேரரசர் பட்டம். லத்தீனில் அன்று யூ என்ற தனி எழுத்து கிடையாது, வி-யே இரண்டுக்கும். ஜி.இ.ஆர்.எம். ஜெர்மானியரை வென்றவர். பி.எம். தலைமைப் பூசாரி. டி.ஆர்.பி. (TRP) மக்கள் தீர்ப்பாளர் அதிகாரம். பேரரசர் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டது. பின்னால் வரும் எக்ஸ்.ஐ. பதினோராம் முறை.

பின்புறம் மறுபடி ஐ.எம்.பி. வருகிறது, ஆனால் எண்ணோடு. எண்ணோடு வந்தால் அது பட்டமல்ல, படை எத்தனை முறை வெற்றி வாழ்த்துச் சொன்னது என்ற கணக்கு, இங்கே 21. சி.ஓ.எஸ். எக்ஸ்.வி.ஐ. பதினாறாம் முறை கான்சல் (ரோமின் ஆண்டுத் தலைமைப் பதவி). சி.இ.என்.எஸ். பி. வாழ்நாள் முழுதும் சென்சார் (குடிக்கணக்கும் ஒழுக்கமும் பார்க்கும் பதவி). மிச்சமுள்ள பி.பி. நாட்டின் தந்தை. மூன்று பி-யும் ஒட்டி நிற்பதால் பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

இனி நாள் கணக்கு. டொமிஷியன் 81 செப்டம்பரில் தீர்ப்பாளர் அதிகாரம் பெற்றார். பதினோராம் முறை என்றால் 91 செப்டம்பர் முதல் 92 செப்டம்பர் வரை. பதினாறாம் முறை கான்சல் ஆனது 92 ஜனவரியில். இரண்டும் ஒன்றாக வருவது 92 ஜனவரிக்கும் செப்டம்பருக்கும் இடையில் மட்டுமே.

உருவம் மினர்வா, டொமிஷியனின் இஷ்ட தெய்வம். அவருடைய டெனாரியஸ்களில் அவள் நான்கு கோலத்தில் வருவாள்: ஈட்டியோடு சும்மா நிற்பது; கையில் இடியும் காலடியில் கேடயமுமாக நிற்பது; ஈட்டி ஓங்கி வலப்பக்கம் பாய்வது; அதே பாய்ச்சல் கப்பல் முகப்பு போன்ற மேடை மேல், காலருகே ஆந்தையோடு. பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் தனி எண். ஆந்தை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத் தேடுங்கள்.

சி.ஓ.எஸ். எண்ணை மட்டும் நம்பி ஆண்டு சொல்லக் கூடாது. அடுத்த முறை கான்சல் ஆகும்வரை அந்த எண் மாறாது. ஹேட்ரியன் 119-இல் மூன்றாம் முறை கான்சல் ஆனார், பிறகு ஆகவே இல்லை. அவர் காசில் சி.ஓ.எஸ். III என்பது 119 முதல் 138 வரை எந்த ஆண்டாகவும் இருக்கலாம்.

கூடவே ஒரு இலக்கணக் குறிப்பு. டிராஜன் காசில் பெயர் "திராயானோ" என்று ஓகாரத்தில் முடியும். இது நம் நான்காம் வேற்றுமைதான், "டிராஜனுக்கு". பின்புறம் எஸ்.பி.க்யூ.ஆர். ஆப்டிமோ பிரின்கிபி என்று வரும்: மிகச்சிறந்த தலைவருக்கு, செனட்டும் ரோமானிய மக்களும். அடித்தவர் யார், யாருக்கு என்று வாக்கியம் இரண்டு பக்கமும் ஓடுகிறது. ஓகார முடிவைக் கண்டு புது அரசர் என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்டோனினஸ் என்ற பெயரைப் படித்துவிட்டேன். ஆனால் பட்டியலில் அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருக்கிறார்களே?
– வாசகர், மதுரை

இந்தக் குழப்பத்தில்தான் விற்பவர்களும் அதிகம் தவறுகிறார்கள். நல்ல மரியாதையான அரசர் பெயர் என்பதால் பின்னால் வந்தவர்களெல்லாம் அதைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

சொற்களின் வரிசையைப் பாருங்கள். அன்டோனினஸ், அடுத்து ஏ.வி.ஜி., அடுத்து பி.ஐ.வி.எஸ். என்று வந்தால் அது அன்டோனினஸ் பயஸ் (138–161). அன்டோனினஸ், அடுத்து பி.ஐ.வி.எஸ்., அதற்குப் பின் ஏ.வி.ஜி. என்றால் கேரகல்லா (198–217). இரண்டு சொல் இடம் மாறினால் அறுபது ஆண்டு வித்தியாசம். பெயருக்கு முன்னால் எம். மட்டும் நின்று, எம். அன்டோனினஸ் ஏ.வி.ஜி. என்றால் மார்கஸ் அரேலியஸ். எம். கொமோதுஸ் என்று தொடங்கினால் அவர் மகன் கொமோடஸ்.

கேரகல்லாவையும், அவருக்குப் பின் அதே பெயரோடு ஆண்ட எலகபாலஸையும் பிரிப்பதுதான் கடினம். எலகபாலஸ் காசு பெரும்பாலும் ஐ.எம்.பி. என்று தொடங்கும், கேரகல்லாவின் பட்டம் ஏறிய காசுகளில் அது அரிது. கேரகல்லா பெயருக்குப் பின் பி.ஆர்.ஐ.டி. (BRIT, பிரிட்டனை வென்றவர்) என்று இருந்தால் 210-க்கும் 213-க்கும் இடையில், ஜி.இ.ஆர்.எம். என்றால் 213 முதல் 217 வரை. எலகபாலஸுக்கு இந்த வெற்றிப் பெயர்கள் இல்லை. அவருடைய காசுகள் பலவற்றில் பின்புறம் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் நிற்கும். டி.ஆர்.பி. எண் தெளிவாக இருந்தால் அதற்கு மேல் சாட்சியே வேண்டாம்: எலகபாலஸ் ஆண்டது 218 முதல் 222 வரை, ஆகவே எண் ஐந்தைத் தாண்டாது. ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் அவர் இல்லை.

முகத்துக்கு இப்போதுதான் வேலை. கேரகல்லா சிறுவனாக உருண்டை முகத்தோடு தொடங்கி, கடைசிக் காசுகளில் புருவம் நெரித்த தாடிக்காரனாக முடிகிறார். எலகபாலஸ் பதினெட்டு வயதில் கொல்லப்பட்டவர். மெல்லிய தாடிக்கு மேல் போகாது.

இதே போன்ற பொறிகள் இன்னும் உண்டு. ஹேட்ரியனின் முதல் காசுகளில் தத்துத் தந்தை டிராஜன் பெயரும் சேர்ந்து வரும். வலப்பக்கம் தேய்ந்து இடப்பக்கம் திராயான் மட்டும் மிஞ்சினால் டிராஜன் என்று எழுதிவிடுவார்கள். தாடி இருந்தால் ஹேட்ரியன். வெஸ்பாசியானுஸ் என்று கண்டால் அது தந்தையா மகனா என்று பாருங்கள். முன்னால் ஒற்றை டி. (T) அல்லது டி.ஐ.டி.வி.எஸ். இருந்தால் மகன் டைட்டஸ். இருவர் முகமும் ஒரே ஜாடை, முகம் பார்த்துச் சொல்ல முடியாது. ஃபாஸ்டினா என்ற பெயரில் தாயும் மகளும் உண்டு: கொண்டை உச்சந்தலையில் இருந்தால் தாய், பின்னந்தலையில் இருந்தால் மகள்.

பின்புறத்தில் எப்போதும் ஒரு பெண் நிற்கிறாள். எல்லாம் ஒரே தெய்வமா?
– வாசகர், நாகர்கோவில்

இல்லை. பெரும்பாலும் குணங்களுக்கு உருவம் கொடுத்திருப்பார்கள்: அமைதி, நியாயம், நலம் என்று. முகத்தை விட்டு, கையில் என்ன என்று பாருங்கள். நம் கோயில் சிற்பத்தை ஆயுதம் பார்த்து அடையாளம் சொல்வது போலத்தான். தராசு பிடித்திருந்தால் ஏக்விடாஸ் (நியாயம்) அல்லது மோனேட்டா (காசுச்சாலை). இருவருக்கும் கோலம் ஒன்றே, எழுத்துதான் பிரிக்கும். சுக்கான் என்றால் ஃபார்ச்சூனா (அதிர்ஷ்டம்). இரு பாம்பு சுற்றிய கோலும் வளக்கொம்பும் (கனிகள் நிறைந்த கொம்பு) என்றால் ஃபெலிசிடாஸ் (செழிப்பு). ஒலிவக் கிளை பாக்ஸ் (அமைதி). பாம்புக்குத் தட்டில் உணவூட்டினால் சலுஸ் (நலம்). கையில் பூ, மறுகையால் பாவாடையைச் சற்றுத் தூக்கி நடந்தால் ஸ்பெஸ் (நம்பிக்கை). கூம்புத் தொப்பியை நீட்டினால் லிபெர்டாஸ் (விடுதலை). காலடியில் தானிய மரக்கால் இருந்தால் அன்னோனா (தானிய வரவு). இறக்கை இருந்தால் பெரும்பாலும் விக்டோரியா (வெற்றி).

தேய்ந்த காசில் கிளையும் பாம்புக்கோலும் ஒன்றாகத் தெரியும். அப்போது இடக்கையைப் பாருங்கள். வளக்கொம்பு தடித்தது, சீக்கிரம் தேயாது.

கதிர் மகுடம் வைத்த காசு ஒன்று வாங்கினேன். பட்டியலில் வெள்ளிக்காசு வரிசையில் இருக்கிறது. கையில் இருப்பது செம்பு நிறம். ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், சென்னை

யார் பெயர் என்று நீங்கள் எழுதவில்லை. பதில் அதில்தான் இருக்கிறது. கேரகல்லா 215-இல் இந்தக் காசைக் கொண்டுவந்தபோது எடை 5 கிராமுக்குச் சற்று மேல், ஏறக்குறைய பாதி வெள்ளி. மதிப்பு இரண்டு டெனாரியஸ் என்று கருதப்படுகிறது, ஆனால் உள்ளே இருந்த வெள்ளி ஒன்றரைக்குத்தான் தேறும். 219-இல் நிறுத்தி, 238-இல் மறுபடி தொடங்கினார்கள். அதன்பின் ஒவ்வொரு அரசரும் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பைக் கூட்டினார்கள். மூன்றாம் கார்டியன், பிலிப் காசுகள் பார்வைக்கு வெள்ளிதான். காலியனஸ் தனியாக ஆண்ட 260–268 காலத்தில் வெள்ளி வேகமாக வற்றியது. இரண்டாம் கிளாடியஸ் (268–270) காலத்தில் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான் மிச்சம். உங்களுடையது காலியனஸோ கிளாடியஸோ என்றால் செம்பு நிறமே சரியான நிறம். 240-களின் காசு செம்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

காலியனஸ் கடைசிக் காசுகளில் மான், ஆட்டுக்கடா, குதிரையுடல் மனிதன் என்று ஒரு விலங்குப் பட்டாளமே வரும். உருவத்துக்கு அடியில் உள்ள ஒற்றை எழுத்து பட்டறை எண், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

டெசியஸ் (249–251) பெயரில் மூன்று கிராம்தான் இருக்கும் காசு கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். பழைய டெனாரியஸைச் சூடாக்கி அதன் மேலேயே புது அச்சு குத்திய காசுகள் உண்டு. கதிர் மகுடத்துக்கு அடியில் முந்தைய அரசரின் மூக்கோ இரண்டு எழுத்தோ எட்டிப்பார்க்கும்.

டெனாரியஸின் விளிம்பில் வெள்ளி உரிந்து உள்ளே செம்பு தெரிகிறது. எடை 2.6 கிராம். போலியா?
– வாசகர், யாழ்ப்பாணம்

போலிதான், ஆனால் பெரும்பாலும் அந்தக் காலத்துப் போலி. செம்பு வில்லையை மெல்லிய வெள்ளித் தகட்டால் போர்த்தி, சூடாக்கி, அச்சுக் குத்துவார்கள். மண்ணில் கிடக்கும்போது ஈரம் தகட்டின் ஓட்டை வழியே செம்பை அரிக்கும். உப்பு உள்ளிருந்து தள்ள, தகடு கொப்புளம் போல எழும்பி உடையும். ஓரத்தில் பச்சைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் இதுவே காரணம். நல்ல டெனாரியஸ் 3.3 இருக்க வேண்டிய இடத்தில் 2.6 இருப்பதும் பொருந்துகிறது, செம்பு வெள்ளியைவிட லேசு.

இன்னொரு அடையாளம், முன்புறம் ஒரு அரசர், பின்புறம் வேறொருவர் காலத்து அச்சு. கள்ள அச்சடிப்பவர் கையில் கிடைத்ததை எல்லாம் சேர்ப்பார். உள்ளே என்ன என்று பார்க்கக் கத்தியால் கீறாதீர்கள். அந்த வேலையை அந்தக் காலத்து வட்டிக்கடைக்காரர்களே செய்திருப்பார்கள். அகஸ்டஸ் காசுகளில் அவர்கள் குத்திய சிறு முத்திரைகளை நிறையப் பார்க்கலாம்.

இந்தக் காலத்துப் போலியை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? தண்ணீரில் எடை போட்டால் தெரியும் என்கிறார்களே?
– வாசகர், கோவை

வார்ப்புப் போலியைக் கண்ணாலேயே பிடிக்கலாம். பத்து மடங்கு லென்ஸில் எழுத்தின் ஓரம் சோப்புக்கட்டி போல மழுங்கி இருக்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள். விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு, அல்லது அந்தக் கோட்டை அரம் போட்டு அழித்த தடம். அச்சுக் குத்திய காசில் உலோகம் வெளிநோக்கி ஓடிய மெல்லிய கோடுகள் எழுத்துகளின் வெளிப்பக்கம் தெரியும். விளிம்பு பிளந்திருந்தால் பிளவின் உட்சுவர் சொரசொரப்பாக இருக்கும். வார்ப்பில் பிளவுகூட வழவழப்பாக இருக்கும்.

ஒரே புதையலில் கிடைத்தது என்று ஐந்தாறு காசு காட்டினால் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே அச்சில் பல காசு வருவது இயல்பு. ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் பிளவு வருவது இயல்பல்ல. ஒவ்வொரு வில்லையும் தன் வழியில்தான் பிளக்கும்.

தண்ணீர்ச் சோதனை இப்படி. தராசில் தம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியையோ சுவரையோ தொடாமல் முழுதும் மூழ்கும்படி கையால் பிடியுங்கள். தராசு காட்டும் எண் காசின் கன அளவு. காற்றில் எடை 3.24, தண்ணீரில் காட்டுவது 0.32 என்றால், முதலாவதை இரண்டாவதால் வகுக்க அடர்த்தி ஏறக்குறைய 10.1. தூய வெள்ளி 10.49, செம்பு 8.96, நூற்றுக்கு எண்பது வெள்ளி, மிச்சம் செம்பு என்றால் 10.14 வரும். பொருந்துகிறது.

இதில் ஒரு சிக்கல். உங்கள் தராசு 0.01 கிராம்தான் காட்டும் என்றால் அந்த 0.32 உண்மையில் 0.31 ஆகவோ 0.33 ஆகவோ இருக்கலாம். விடை 10.45 முதல் 9.8 வரை ஆடும்; தூய வெள்ளிக்கும் ஐந்தில் இரண்டு பங்கு செம்பு கலந்ததற்கும் இடையில் எங்கேயோ. 0.001 கிராம் தராசு இல்லாமல் இந்தச் சோதனையில் நுண்ணிய முடிவு எடுக்க வேண்டாம், 8.5, 9 என்று வந்தால் மட்டும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம். காற்றுக் குமிழ் ஒட்டினாலும் அடர்த்தி குறைத்துக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுங்கள்.

அடர்த்தி சரியாக இருப்பதால் மட்டும் காசு அசல் ஆகிவிடாது. நல்ல வெள்ளியில் புது அச்சு செய்து குத்தும் போலிக்காரர்கள் இருக்கிறார்கள். அங்கே இதை நம்பினால் கை சுடும்.

கல்லில் போட்டு ஓசை கேட்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டாயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த வெள்ளியில் செம்பு கரைந்துபோய், உள்ளே மணி மணியாகப் பிரிந்திருக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் காசும் ஓடு போல இரண்டாக உடையும்.

கறுத்திருக்கும் காசைப் புளியும் விபூதியும் போட்டுத் துலக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

குத்துவிளக்குக்கும் வெள்ளிக் குங்குமச்சிமிழுக்கும் சரி. இதற்கு வேண்டவே வேண்டாம்.

காசுச்சாலையிலேயே வில்லையை அமிலத்தில் ஊறவைத்து மேற்பரப்புச் செம்பை எடுத்துவிடுவார்கள். அதனால் மேலே வெள்ளி அதிகமான மெல்லிய தோல் ஒன்று உண்டு. விபூதியும் பற்பொடியும் அந்தத் தோலைத் தேய்த்து எடுக்கும். புளியின் அமிலம் உள்ளே உள்ள செம்பைத் தின்னும். ஒருமுறை துலக்கினால் காசு புதிதாக மின்னும், மறுமாதம் திட்டுத் திட்டாகச் சிவக்கும். நகைக்கடையில் முக்கித் தரும் திரவமும் அப்படியே.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் இரண்டு நாள் ஊறவிட்டு, தினம் தண்ணீரை மாற்றி, மூங்கில் பல்குச்சியின் முனையை நனைத்து மெல்லத் தள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் தூய அசிட்டோன், ஜன்னல் திறந்து வைத்து, நெருப்புக்குத் தொலைவில். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வேறு சாமான்கள் கலந்திருக்கும், அது ஆகாது. துணியால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். ஊதாச் சாம்பல் நிறத்தில் கெட்டியாக அப்பியிருப்பது வெள்ளி குளோரைடு. அதை வீட்டில் தொட வேண்டாம். அதற்கு அடியில் எழுத்து இருக்கிறதா, அல்லது எழுத்தே அந்தப் படிவமாக மாறிவிட்டதா என்று எடுத்த பிறகுதான் தெரியும். சாதாரணக் கறுப்பை அப்படியே விடுங்கள். பள்ளத்தில் கறுப்பு இருந்தால்தான் எழுத்து படிக்க வரும்.

கோவைப் பக்கம் கிடைக்கும் ரோமானிய வெள்ளியில் ஏன் எப்போதும் அதே இரண்டு அரசர்கள்? வயலில் கிடைத்தால் நாமே வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-இல் ஒரே புதையலில் 522 வெள்ளிக்காசுகள் கிடைத்தன. அங்கும் தென்னிந்தியாவின் மற்றப் புதையல்களிலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகளே மிகுதி. அதிலும் இரண்டே வகைதான் திரும்பத் திரும்ப வரும்.

முதல் வகையில் அகஸ்டஸ் தலை. பின்புறம் தோகா என்ற ரோமானிய மேலாடை அணிந்த இரு இளைஞர்கள், நடுவில் இரண்டு கேடயங்களும் ஈட்டிகளும், மேலே காம்பு நீண்ட கரண்டியும் முனை சுருண்ட கோலும். அடியில் சி.எல். என்ற எழுத்துகள்: பேரன்களும் தத்துப் பிள்ளைகளுமான காயஸ், லூசியஸ். இரண்டாம் வகையில் டைபீரியஸ் தலை. பின்புறம் நாற்காலியில் அமர்ந்த பெண், கையில் கோலும் கிளையும், சுற்றிலும் போன்டிஃப் மாக்ஸிம் (தலைமைப் பூசாரி) என்ற எழுத்து. இதைப் பட்டியலில் பிரிப்பது நாற்காலிக் காலை வைத்து: கால் வெறுமையாக நேராக இருக்கிறதா, கடைந்த வேலைப்பாடு உண்டா, பாதத்துக்கு அடியில் கால்மணை உண்டா. இரண்டு வகையும் இன்றைய பிரான்சின் லியோன் நகரத்தில் அடித்தவை.

காரணமாகப் பொதுவாகச் சொல்வது, 64-இல் நீரோ எடையையும் வெள்ளியையும் குறைத்ததும் நம் வணிகர்கள் பழைய காசையே கேட்டு வாங்கினார்கள் என்பது. இதிலிருந்து ஒரு எச்சரிக்கை: காசு அடித்த ஆண்டு அது இங்கே வந்த ஆண்டு ஆகாது. எடையில் அன்றே கண் இருந்தது என்பதற்கு ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி சாட்சி. முதலாம் கிளாடியஸ் (41–54) காலத்தில் இலங்கை அரசன், டெனாரியஸ்களில் முகங்கள் வேறு வேறாக இருந்தும் எடை ஒன்றாக இருந்ததைக் கண்டு வியந்தான் என்று எழுதிவைத்திருக்கிறார்.

இந்த இரண்டு வகைக்கும் இங்கேயே செய்த பழைய நகல்களும் உண்டு. உருவம் அசல் போலிருக்கும், எழுத்து வெறும் கோடும் வட்டமுமாக ஓடும். எழுத்து தெரியாத கை செதுக்கியது. அதற்கும் ஆய்வு மதிப்பு இருக்கிறது.

வயலில் கிடைத்தால் வைத்துக்கொள்ள முடியாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் என்றாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில். மறைத்தால் சிறைத்தண்டனைக்கும் இடம் உண்டு. கழுவாமல், பானையோடு, மண்ணோடு அப்படியே விடுங்கள். பானையின் ஓடு காசைவிட அதிகம் பேசும். வாங்கி வைத்திருக்கும் காசுக்கும் கட்டுப்பாடு உண்டு: 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள், உரிமம் இல்லாமல் அதில் வியாபாரம் செய்யக் கூடாது, தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது.

என் காசின் விலை என்ன? படம் இணைத்திருக்கிறேன்.
– பல வாசகர்கள்

விலை சொல்வதில்லை. அடையாளம் சொல்லவும் அனுப்பிய படங்களில் பாதி உதவவில்லை. உள்ளங்கையில் வைத்து, ஃபிளாஷ் போட்டு எடுத்திருக்கிறீர்கள். வெள்ளை வட்டம்தான் தெரிகிறது. சாம்பல் நிறத் தாளில் வைத்து, ஃபிளாஷை அணைத்து, இடது மேல்பக்கத்திலிருந்து ஒரே வெளிச்சம் விட்டு, இரண்டு பக்கத்தையும், முடிந்தால் விளிம்பையும் எடுங்கள். கூடவே எடை, விட்டம், படித்த எழுத்துகள், படிக்க முடியாத இடத்தில் கோடு. தலை நேராக இருக்கும்போது காசைப் பக்கவாட்டில் புரட்டினால் பின்புற உருவத்தின் உச்சி எந்த மணியைக் காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள்.

மென்மையான பிவிசி உறையில் காசு போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். படங்களில் மூன்றில் பச்சைப் பிசுக்கு படரத் தொடங்கியிருக்கிறது.